கிணத்தடிப் பங்கு

குருசுமுத்துவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்தவர்களுக்குச் சோறு கொடுத்து, சட்டி பானை கழுவ இரஞ்சிதம் கிணற்றடிக்குப் போனபோது அங்கே அவளுடைய அத்தான் பஸ்ரியாம்பிள்ளை நின்றார். செத்தவனுக்கு மூத்தவர். கோயிலுக்குப் போட்டுவந்த வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, கிணற்றுக் கட்டில் இரண்டு கையையும் ஊன்றித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்கழி வாடை கடலில் இருந்து உப்பை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது.

"பிள்ளை, இது இண்டைக்குக் கதைக்கிற கதை இல்லை" என்றார். "எண்டாலும் ஆக்கள் இருக்கேக்கை சொல்லிப்போட்டாத்தான் நல்லது. இந்தக் கிணத்தடிப் பக்கத்தைத் தம்பி என்ர நாலு குமர்ப் பெட்டையளுக்கு எண்டு சொன்னவன்."

இரஞ்சிதம் சாம்பலை அள்ளிச் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். புருஷன் துபாயில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் மத்தியான வெய்யிலில் விழுந்து செத்து, அங்கேயே அடக்கமாகி, உடம்பைக்கூடக் கண்ணால் காணாத பெண். அந்த ஒரு மாதமும் அவளுக்கு அழுகை ஒரு மாதிரி வந்தது. இப்போது வந்தது வேறு மாதிரி. அந்த வீடும் அதைச் சுற்றின வளவும் கிணறும் வளர்த்த மகள் ஜசிந்தாவுக்கு என்று குருசுமுத்து அவளிடம் சொல்லியிருந்தான். அதே கிணற்றடியில் வைத்துத்தான் சொன்னான்.

யாழ்ப்பாணத் தீவுக் கிராமமான மெலிஞ்சிமுனையில் கரையை அண்டிய வளவுகளில் எங்கே தோண்டினாலும் உவர்த்தண்ணீர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், சோறு வடிக்க ஏலாது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வயல்வெளி தாண்டிப் போய் ஊர்க் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளி வருவார்கள். கச்சான் காற்றடிக்கும் கோடையில் அந்தக் கிணறும் வற்றிவிடும். குருசுமுத்து எழுபத்தேழில் துபாய்க்குப் போய், முதல் முறை லீவில் வந்தபோது, கரையில் இருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் கிடந்த பனங்காணி ஒன்றை வாங்கினான். காணி உறுதிப்பத்திரம் அவன் பெயரில். வீடு பிறகு எழும்பியது. அந்த லீவு முழுக்க அவனும் தமையனும் அலவாங்கு பிடித்துக் கல்லுடைத்துக் கிணறு வெட்டினார்கள். ஊர் சிரித்தது. கடைசியில் கசிந்து வந்தது நல்ல தண்ணீர். சிரித்தவர்களின் பெண்சாதிமார் அடுத்த நாள் குடத்தோடு வந்தார்கள். குருசுமுத்து ஒருவரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

அவன் ஆரையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷன். கடன் கேட்டவனுக்கு நாளைக்கு என்பான், துபாய்க்குக் கூட்டிப்போகச் சொன்னவனுக்கு அடுத்த முறை என்பான். கேட்டவன் சந்தோஷமாகப் போவான். இரஞ்சிதத்துக்கு அந்தக் குணம் பிடித்துத்தான் இருந்தது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இரஞ்சிதத்தின் தங்கச்சி பிரசவத்தில் போனபோது அந்தக் குழந்தையைத் தூக்கிவந்து வளர்த்தார்கள். பெற்ற தகப்பன் முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போய் அங்கேயே இன்னொரு கலியாணம் முடித்துவிட்டான். ஞானஸ்நானத்தில் குருசுமுத்துதான் ஞானத்தகப்பனாக நின்றான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர், தத்தெடுத்துப் பதிந்துவிட்டால் நல்லது என்றாராம். என்ர பிள்ளையை எனக்குத் தர ஒரு கோடும் நீதவானும் வேணுமோ என்று குருசுமுத்து சிரித்துவிட்டு வந்துவிட்டான். அந்தப் பிள்ளைதான் ஜசிந்தா. இப்போது கலியாண வயது. ஊர்காவற்றுறையில் வள்ளங்களுக்கு மிசின் பழுது பார்க்கும் கிறிஸ்தோப்பருக்குப் பேசி முற்றாகியிருந்தது. வீடும் வளவும் சீதனம் என்ற பேச்சு. குருசுமுத்து பங்குனியில் லீவில் வந்ததும் உறுதி எழுதி, கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்து, உயிர்த்த ஞாயிறு கழியத் தாலி கட்டுவதாக இருந்தது.

பூசை முடிந்த அடுத்த திங்கள் இரஞ்சிதம் ஊர்காவற்றுறையில் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனாள். துறைமுகத்துக்குப் போகும் தெருவில், முன் விறாந்தையில் ஆட்கள் இருக்க இரண்டு வாங்கு போட்ட வீடு. நொத்தாரிசு வயதானவர், மெதுவாகக் கதைப்பவர். உறுதியைப் பார்த்துவிட்டு, தனக்குப் பிறகு காணி ஆருக்கெண்டு குருசுமுத்து ஏதாவது மரணசாதனம் எழுதினவரோ என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

போன லீவில் உறுதிப் பிரதி எடுக்க வந்தபோது தான் அவனுக்குச் சொன்னதாக அவர் சொன்னார். கடல் கடந்து போய் உழைக்கிறவர், ஒரு மரணசாதனம் எழுதிவைத்துவிட்டுப் போம், ஒரு காலை வேலை, இஞ்சையே எழுதலாம் என்று. அவன் அந்த வாங்கிலேயே இருந்து யோசித்தானாம்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

"இப்ப எழுதிறதெண்டால் ஆருக்கெண்டு எழுதிறது, ஆரை விடுறது ஐயா, அடுத்த முறை வரேக்கை பாப்பம் எண்டவர். பிறகு சந்தையிலை றால் நல்ல மலிவாம் எண்டு எழும்பிப் போட்டார்."

இரஞ்சிதம் அந்த றாலை நினைத்துப் பார்த்தாள். அன்றைக்குப் பொரித்துத் தின்றதும் நினைவு வந்தது.

நொத்தாரிசு விளக்கிச் சொன்னார். கலியாணத்துக்குப் பிறகு வாங்கியதால் அது இருவருக்கும் பொதுவான தேடியதேட்டம். பாதி அவளுக்கு. மற்றப் பாதி செத்தவரின் பிள்ளைகளுக்கு. பிள்ளை இல்லாதபடியால் சகோதரங்களுக்கு. தமையன் பஸ்ரியாம்பிள்ளைக்கும், நீர்கொழும்பில் கட்டிக்கொடுத்த தங்கச்சி கிறேசுக்கும். அவள் ஜசிந்தாவைச் சொன்னாள். வளர்த்த பிள்ளைக்குச் சட்டத்தில் இடமில்லை என்றார். ஒரு வரி எழுதியிருந்தால் போதும், முழுவதையும் அந்தப் பிள்ளைக்கே விட்டிருக்கலாம் என்றார். அவளுடைய பாதியை என்றாலும் இப்போது எழுதிக் கொடுக்கலாமோ என்று கேட்டாள். முதலில் யாழ்ப்பாணக் கோட்டில் வழக்குப் போட்டு, செத்தவரின் சொத்துக்கு நிர்வாகப் பத்திரம் எடுக்கவேணும்; அதற்கு முதல் ஒன்றையும் அசைக்க ஏலாது. வழக்குக்கு மரணச் சேட்டிபிக்கற் வேணும்.

மரணச் சேட்டிபிக்கற் அறபியில் இருந்தது.

அதைக் கொழும்புக்கு அனுப்பி இங்கிலீசுக்கு மாற்றி, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முத்திரை குத்தி எடுக்க மாசி பிறந்துவிட்டது. வந்த கடதாசியில் செத்தவருடைய பெயர் "குரூஸ் மதி" என்று இருந்தது. துபாய்க்காரன் காதால் கேட்டதை எழுத, கொழும்புக்காரன் கண்ணால் கண்டதை மாற்றியிருந்தான். பிறப்புப் பதிவில் தகப்பன் பெயரோடு சந்தியா குருசுமுத்து. பாஸ்போட்டில் ஏஜென்சிக்காரன் பெயரை முன்பின்னாக்கி முத்து குருசு. உறுதியில் வெறும் குருசுமுத்து. யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசப் பிடித்த பிறக்கிராசியார் நாலையும் மேசையில் அடுக்கி வைத்துப் பார்த்துவிட்டு, இந்த நாலு பேரும் ஒராள்தான் எண்டு கோட்டுக்கு நிரூபிக்கவேணும் என்றார். சத்தியக் கடதாசி வேணும், கோயில் சுவாமியாரிடம் கடிதம் வேணும், கிராம விதானையிடம் கடிதம் வேணும்.

ஒருவரோடு இருபது வருஷம் ஒரே பாயில் படுத்தெழும்பினவள், அவன் ஆர் என்று காட்ட ஊர் ஊராகத் திரிந்தாள்.

சூடை மீன் வலையில் பட்டுக்கொண்டிருந்த காலம் அது. விடிய வள்ளங்கள் வந்ததும் கரையில் நின்று மீன் வாங்கி, ஜசிந்தாவும் அவளுமாகக் கீறி, குடல் எடுத்து, உப்பில் போட்டு, பனையோலைப் பாயில் பரப்பிக் கருவாடாக்குவதுதான் அவர்களுடைய பிழைப்பு. துபாய்க் காசு வந்த காலத்திலும் இரஞ்சிதம் அதை விடவில்லை. இப்போது கோட்டுத் தவணை நாள்களில் ஜசிந்தா தனிய நின்றாள். காகத்தைக் கலைப்பதா, மீனைப் புரட்டுவதா, தண்ணி அள்ள வருகிற சனத்துக்குப் பதில் சொல்வதா என்று அவளுக்கே தெரியாது. இரஞ்சிதம் முதல் பஸ்ஸில் ஊர்காவற்றுறை போய், அங்கிருந்து யாழ்ப்பாண பஸ் பிடித்து, பண்ணைக் கடலைத் தாண்டிப் போய்க் கோட்டு வளவில் வேப்பமரத்துக்குக் கீழ் இருப்பாள். பிறக்கிராசியாரின் கிளாக்கர் பத்து மணிக்கு வந்து இருங்கோ அம்மா என்பார். மத்தியானம் வந்து, இண்டைக்கு எடுக்கேல்லை, அடுத்த தவணை போட்டிருக்கு என்பார். கட்டிக்கொண்டு போன புட்டை அவள் அந்த மரத்தடியில் தின்றதும் உண்டு, திறக்காமல் கொண்டு திரும்பினதும் உண்டு. பின்னேரம் வீட்டுக்கு வந்தால் பாயில் பாதிக் கருவாடு புழுத்திருக்கும்.

பங்குனியில் கிறேஸ் நீர்கொழும்பில் இருந்து வந்தாள். தமையனின் படத்துக்கு முன் நின்று வாய்விட்டு அழுதாள். சாப்பிட்டு முடிந்து குசினியில் மூன்று பெண்களும் இருக்கும்போது, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் ஒன்று சொன்னாள்.

"அண்ணை எனக்கும் சொன்னவர். உன்ர மனுஷன் குடிச்சுக் கரைச்சல் தந்தா வந்திடு, கிணத்தடிப் பக்கத்து அறை உனக்குத்தான் எண்டு."

இரஞ்சிதம் அகப்பையைக் கீழே வைத்தாள். ஜசிந்தா அவளைப் பார்க்க, அவள் ஜசிந்தாவைப் பார்க்கவில்லை. மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறான். இன்னும் ஆருக்குச் சொன்னானோ. மூன்று பேரும் நம்பியிருக்கிறார்கள். அவன் பொய் சொன்னதாக அவளால் நினைக்க முடியவில்லை. சொன்ன நேரத்தில் ஒவ்வொருவருக்கும் உண்மையாகத்தான் சொல்லியிருப்பான்.

கிறேஸ் அறையைக் கேட்டு நிற்கவில்லை. பஸ்ரியாம்பிள்ளைக்கு நாலும் பெட்டை, தனக்கு ஆம்பிளைப் பிள்ளைகள் இருக்கு என்று சொல்லி, தன் பங்கை அவருக்கு விடுவதாக நொத்தாரிசு முன்னால் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு ரெயின் ஏறினாள். போகும்போது இரஞ்சிதத்தைக் கட்டிப்பிடித்து, குறை நினையாதையுங்கோ மச்சாள் என்றாள். இரஞ்சிதம் நினைக்கத்தான் செய்தாள். கிறேஸ் அதை அவளுக்கு விட்டிருக்கலாம், ஜசிந்தாவுக்கு விட்டிருக்கலாம். ஆனால் நாலு பெட்டையை வைத்துக்கொண்டு நிற்கிற தமையனுக்கு விட்டதைப் பிழை என்று எப்படிச் சொல்வது?

உயிர்த்த ஞாயிறு வந்து போனது. கிறிஸ்தோப்பரின் தாய் றோசம்மா ஒரு நாள் வெற்றிலைத் தட்டத்துக்கு முன்னால் இருந்து நெடுநேரம் மழை, மீன், சாமான் விலை என்று கதைத்தாள். எழும்பும்போதுதான் விஷயத்துக்கு வந்தாள். உறுதி இல்லாமல் ஓலை வாசிக்க ஏலாது என்றாள். தான் ஆசை பிடித்துக் கேட்கவில்லை, ஊரிலே நாலு சனம் கேட்கும், நாளைக்குப் பஸ்ரியாம்பிள்ளை வந்து வாசலில் நின்றால் தன் பொடியன் எங்கே போவான் என்று கேட்டாள். ஆவணி முடியும் மட்டும் பார்க்கிறதாகச் சொன்னாள்.

வைகாசிக் கடைசியில் யாழ்ப்பாணம் பற்றி எரிந்தது. கடைத்தெருவும் நூல்நிலையத்துப் புத்தகங்களும் எரிந்த புகையைத் தீவில் இருந்து பார்த்தார்கள். பஸ் ஓடவில்லை. கோடு எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊர் முழுக்க நெஞ்சிலே அடித்துக்கொண்ட அந்த நாள்களில், தன் வழக்குத் தவணை ஆனியில் இருந்தது என்று நினைத்த தன்னையே இரஞ்சிதத்துக்குப் பிடிக்காமல் போனது. ஆனாலும் நினைத்தாள். பிறகு கோடு திறந்தபோது அந்தத் தவணை தை மாதத்துக்குப் போயிருந்தது.

அந்த ஆடியில், சோளகக் காற்று மண்ணைக் கிளப்பி வீசிக்கொண்டிருந்த ஒரு காலை, கிணற்றடியில் இருந்து இடிக்கிற சத்தம் கேட்டு இரஞ்சிதம் வெளியே வந்தாள். பஸ்ரியாம்பிள்ளை வேலிக்குக் கிளுவைக் கதியால்களை வரிசையாக நட்டுக்கொண்டு போனார். வேலி போகிற போக்கில் கிணறு முழுதாக அவர் பக்கம் விழுந்தது. அவர் ஒரு நுனியில் நட்டுக்கொண்டு போக, அவள் மற்ற நுனியில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். தண்ணி அள்ள வந்த பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றார்கள். நடுவில் இருவரும் சந்தித்தார்கள்.

"ஏன் பிடுங்கிறீர்?" என்றார்.

"பங்கு பிரிக்காத காணியிலை ஆர் வேலி போடச் சொன்னது?"

"பிரிக்கிறதெண்டா இன்னொரு வழக்கு. அது முடிய என்ர மூத்தவள் கிழவியாப் போயிடுவாள்." அவர் கதியாலை நிலத்தில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார். "நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறீர் என்ன? கல்லு பிளந்து தண்ணி கசிஞ்ச அண்டைக்கு அவன் ஒரு கை அள்ளிக் குடிச்சான். எனக்கும் தந்தான். அண்ணை, இது உங்கட பெட்டையளின்ர தண்ணி எண்டான். கடைசி லீவிலை வள்ளத்துக்கை வைச்சும் சொன்னவன், கிணத்தடியை எழுதி விடுறன் எண்டு. அவன் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டானோ? நீர் அவனோடை வாழ்ந்தனீர். சொல்லும்."

இரஞ்சிதம் அவருடைய கையைப் பார்த்தாள். கல்லுடைத்த காலத்தில் அலவாங்கு நழுவி நசுங்கிய பெருவிரல் நகம் கறுத்தே வளர்ந்திருந்தது. அவர் அன்றைக்குக் கூலி கேட்கவில்லை.

"சொல்லியிருப்பார்" என்றாள். "எனக்கும் சொன்னவர். ஜசிந்தாவுக்கெண்டு."

"அப்ப என்ன செய்யிறது?"

"எனக்குத் தெரியாது அத்தான். செத்த மனுஷனோடை சண்டை பிடிக்க ஏலாமத்தான் நானும் நீங்களும் பிடிக்கிறம்."

அவர் கதியாலைப் போட்டுவிட்டுப் போனார். வேலி பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அவர் அந்த வளவுக்கு வரவில்லை. அவருடைய பெட்டைகள் தண்ணி அள்ள வந்தார்கள், அள்ளினார்கள், போனார்கள். இரஞ்சிதம் அவர்களோடு கதைக்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

ஆவணி முடிய றோசம்மா வரவில்லை. கிறிஸ்தோப்பர் வந்தான். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, கையில் படிந்த கிறீசைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஜசிந்தாவோடு கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் நின்று கதைத்தான். பாசையூரில் தாய் வேறு இடம் பார்த்துவிட்டாள் என்றான். தன்னால் தாயை எதிர்க்க ஏலாது, தங்கச்சிமார் இருக்கிறார்கள் என்றான். ஜசிந்தா குனிந்து மீனைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். முழுப் பாயையும் புரட்டி முடித்து நிமிர்ந்தபோது அவன் போயிருந்தான்.

இரஞ்சிதம் குசினியில் இருந்து எல்லாவற்றையும் கண்டாள். ஜசிந்தா உள்ளே வந்து கை கழுவினாள். தாய் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். அப்பா இருந்திருந்தால் என்று தொடங்கினாள்.

"அப்பா இருக்கேக்கையும் ஒண்டும் செய்யேல்லை அம்மா" என்றாள் ஜசிந்தா. குரல் உயரவில்லை. "ஊர் முழுக்க என்ர பிள்ளை, என்ர பிள்ளை எண்டு சொன்னார். ஒரு கடதாசியிலை சொல்லேல்லை. கோட்டிலை கேட்டவங்களாம், இந்தப் பெட்டை ஆரெண்டு. நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

வளர்த்த பிள்ளை என்று தான் தொடங்கினதும், பிறக்கிராசியார் அது வழக்குக்குத் தேவையில்லை என்று மறித்துவிட்டதை இரஞ்சிதம் சொல்லவில்லை.

"நான் அவருக்கு ஆரம்மா?" என்று ஜசிந்தா அடுத்ததையும் கேட்டாள். கேட்டுவிட்டு உப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு இரஞ்சிதம் உலை வைக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த குருசுமுத்துவின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். துபாயில் கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்த படம். சிரித்துக்கொண்டு நின்றான். அவன் செத்த பிறகு முதல் முறையாக அவள் அவனை ஏசினாள். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினாள். பேசி முடிந்ததும் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

நாலு பெயரும் ஒராள்தான் என்று கோடு ஒருவாறு ஏற்றுக்கொண்டு நிர்வாகப் பத்திரம் தந்தபோது எண்பத்திரண்டு மாசி ஆகிவிட்டது. பாதி இரஞ்சிதத்துக்கு, பாதி பஸ்ரியாம்பிள்ளைக்கு. நூல் பிடித்துப் பிரிக்க விரும்பினால் வேறு வழக்கு. அவள் கடதாசியை மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். யன்னலால் பண்ணைக் கடலில் இறால் கூடுகள் தெரிந்தன. வென்றதா தோற்றதா என்று அவளுக்கு விளங்கவில்லை. களைப்பு மட்டும் விளங்கியது.

பிறகு ஒரு காலை பஸ்ரியாம்பிள்ளையின் பெண்சாதி பிலோமினம்மா தண்ணி அள்ள வந்தாள். வழக்கமாகப் பெட்டைகள்தான் வருவார்கள். வந்தவள் வாளியைக் கிணற்றுக்குள் விடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இரஞ்சிதம்தான் போய், என்ன அக்கா என்று கேட்டாள்.

அவர் கட்டாருக்குப் போகிறார் என்றாள். கொம்பனி ஒன்றின் தொழிலாளர் முகாமில் சமையல் வேலை. கடலில் நாள்கணக்கில் நின்று மீன் பிடிக்கும்போது வள்ளத்தில் சமைப்பது அவர்தான். அந்தத் தகுதியில் ஏஜென்சிக்காரன் எடுத்துவிட்டான். இந்த வயதில் வேண்டாம் என்று தான் கெஞ்சினதாகவும், நாலு குமரை வைத்துக்கொண்டு வேற என்ன செய்யிறது என்று அவர் கேட்டதாகவும் சொன்னாள். வாற செவ்வாய் கொழும்புக்கு. சொல்லிவிட்டுச் சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இரஞ்சிதம் அவளுடைய வாளியை வாங்கி அள்ளிக் குடத்தை நிரப்பிக் கொடுத்தாள். பிறகு கையைக்கூடத் துடைக்காமல் கரைக்கு நடந்தாள்.

பஸ்ரியாம்பிள்ளை வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, பலகை நீக்கல்களில் பஞ்சடைத்துக் கலப்பற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும் முன் விற்கவோ குத்தகைக்கு விடவோ சீர் செய்கிறார் போலும். அவளைக் கண்டதும் நிமிர்ந்தார். வேலிச் சண்டைக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நிற்பது இதுதான் முதல்.

"கட்டாருக்குப் போறீங்களாம்."

"ஓம்."

"எழுதினீங்களோ?"

அவருக்கு விளங்கவில்லை.

"உங்கட பங்கு. ஆருக்கெண்டு எழுதிப்போட்டுப் போறீங்களோ?"

"வந்து பாப்பம்" என்றார். "எனக்குப் பிள்ளையள் இருக்கு. தானாப் போகும்."

"கடைசிப் பெட்டைக்கு எத்தினை வயது? அவளுக்கு வயது வாற மட்டும் கோட்டிலை கேக்காமல் பிலோமினக்கா ஒரு ஓலையும் அசைக்க ஏலாது. மூத்தவளுக்குக் கலியாணம் வந்தாலும் அசைக்க ஏலாது. நான் ஒரு வருஷமா அந்த மரத்தடியிலை இருந்து கேட்ட கதையள் உங்களுக்குத் தெரியாது அத்தான்."

அவர் கையில் இருந்த பஞ்சை உருட்டிக்கொண்டு அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். "இதிலை உமக்கு என்ன வந்தது? நான் எழுதினாலும் விட்டாலும் அந்தப் பாதி உமக்கு ஒருநாளும் வராது. விளங்குதோ?"

"விளங்குது."

"பிறகேன்?"

இரஞ்சிதம் கடலைப் பார்த்தாள். வெளிச்சம் கண்ணில் குத்தியது.

"உங்களுக்கு அங்கை ஏதும் நடந்தா, பிலோமினக்கா நான் ஏறின பஸ்ஸிலை ஏறவேணும். நான் இருந்த வாங்கிலை இருக்கவேணும். உங்கட பேரை எவனோ அறபியிலை எழுத, நீங்கள் ஆரெண்டு அவ ஊருக்குக் காட்டவேணும். எனக்கு உங்களிலை கோவம் போகேல்லை. எண்டாலும் அதை இன்னொரு பொம்பிளை செய்யிறதைப் பாக்க என்னாலை ஏலாது."

அவர் பஞ்சை வள்ளத்தின் பலகை நீக்கலுக்குள் வைத்து உளியால் அடித்து இறுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று இடம் அடித்தார். பிறகு, நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸுக்கு வாறன் என்றார்.

நாலு பேர் போனார்கள். பஸ்ரியாம்பிள்ளை, பிலோமினம்மா, இரஞ்சிதம், ஜசிந்தா. ஜசிந்தா வரமாட்டேன் என்றுதான் நின்றாள். நானும் எழுதப்போறன், நீ வரவேணும் என்று தாய் சொன்னாள். நொத்தாரிசின் விறாந்தையில் ஆண் ஒரு வாங்கிலும் பெண்கள் ஒரு வாங்கிலும் இருந்தார்கள். உள்ளே இருந்து தட்டச்சு மிசின் சத்தம் வந்தது.

நொத்தாரிசு முதலில் பஸ்ரியாம்பிள்ளையைக் கூப்பிட்டார். அவர் தன் பங்கை நாலு பெண்களுக்கும் சமமாக எழுதினார். பெண்சாதி உயிரோடு இருக்கும் மட்டும் அவளுக்கு அனுபவிக்க உரிமை, நிறைவேற்றுகிறவளும் அவளே. கிணறு எல்லாருக்கும் பொது எண்டு போடலாமோ என்று கேட்டார். நொத்தாரிசு, உமது பங்கைத்தான் உம்மாலை எழுத ஏலும், மற்றவையின்ர பங்கை அவை எழுதவேணும் என்றார். அவர் இரஞ்சிதத்தின் பக்கம் திரும்பவில்லை. அவள் கதவுக்கு வெளியே இருந்தபடி, நானும் அப்பிடியே எழுதிறன் என்றாள்.

பிறகு அவளுடைய முறை. ஜசிந்தா உமக்கு என்ன முறை என்று நொத்தாரிசு கேட்டார். மகள் என்றாள். அவர் பேனையை நிறுத்திவிட்டு, அப்படி எழுதினால் நாளைக்கு ஆரும் அதைப் பிடித்துக்கொண்டு வழக்குக்கு வரலாம், உண்மை எதுவோ அதை முழுதாக எழுதுவோம் என்றார். கொஞ்சம் யோசித்து எழுதினார். ஜசிந்தா விறாந்தைத் தூணைப் பிடித்தபடி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிச் சாட்சி" என்றார் நொத்தாரிசு. "ஒவ்வொண்டுக்கும் ரெண்டு பேர். ஒருத்தர் என்ர கிளாக்கர். மற்றவர் இந்த எழுத்தாலை ஒரு பலனும் அடையாத ஆளா இருக்கவேணும். பிலோமினம்மா நிக்க ஏலாது, இந்தப் பிள்ளையும் நிக்க ஏலாது. தெருவிலை ஆரையும் தெரியுமோ?"

பஸ்ரியாம்பிள்ளை மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இரஞ்சிதம் நிக்கட்டும். நான் அவவுக்கு ஒண்டும் எழுதேல்லை."

இரஞ்சிதம் மேசைக்குக் கிட்ட வந்து, நொத்தாரிசு காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். கோட்டுக்கு அலைந்த வருஷத்தில் அவளுடைய கையெழுத்து நன்றாகப் பழகியிருந்தது.

"என்ரையிலை அத்தான் வைக்கட்டும்" என்றாள். "நானும் அவருக்கு ஒண்டும் எழுதேல்லை."

கடதாசியை அவருக்கு முன்னால் திருப்பி வைத்தார்கள். பஸ்ரியாம்பிள்ளை பேனையை வாங்கினார், கையெழுத்து வைக்கவில்லை. அந்தப் பிள்ளையின்ர பேர் வாற இடத்தை ஒருக்கா வாசியுங்கோ ஐயா என்றார். நொத்தாரிசு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: "என்னாலும், காலஞ்சென்ற எனது கணவர் சந்தியா குருசுமுத்துவாலும், பிறந்த நாள் தொடக்கம் எங்கள் மகளாக வளர்க்கப்பட்ட ஜசிந்தாவுக்கு."

விறாந்தையில் ஜசிந்தா தூணில் இருந்து கையை எடுத்தாள்.

"ஓம்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "அது சரி. நான் கண்ணாலை கண்டனான்." குனிந்து, தன் பெயரை முழுதாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.